ஐஸ் பூவின் நீல நுனி

1. சித்திரையில் பனி

கிறிஸ்துமஸ் சரக்கு ஆவணி பிறப்பதற்குள் கப்பலேறிவிட வேண்டும். ஆகவே நாங்கள் பனி செய்த காலம் சித்திரை முதல் ஆடி வரை. இராஜபாளையத்து வெயிலில் விரல் வியர்த்து வெள்ளை நூல் கறுத்துவிடும் என்பதால், பெண்கள் கையில் பவுடர் தடவிக்கொண்டுதான் ஊசி பிடிப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், நாற்பது வயதில், வேதியியலில் இளங்கலைப் பட்டம் பெற்றிருந்த நான், கொக்கி ஊசியால் நூல் பின்னும் ஒரு குரோஷா கூடத்தில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போவேன். முதல் நாள் முதலாளி காசிம் பாய், மெல்லிய தாளில் சுற்றி வெளிநாட்டிலிருந்து வந்த சாம்பிள் ஒன்றை என் மேசையில் விரித்தார். நூலால் பின்னிய பனித்துகள், உள்ளங்கை அகலம்.

"டீச்சர், அம்புட்டு பீஸும் இதுமாரியே இருக்கணும். ஆறு கை. அஞ்சும் கூடாது, ஏழும் கூடாது."

நான் எந்தப் பள்ளியிலும் கற்பித்ததில்லை. எனினும் அன்று அவர் சொன்ன 'டீச்சர்' கடைசிவரை நிலைத்துவிட்டது. நானும் மறுக்கவில்லை.

வேலை முறை எளிது. சங்கிலிபோல ஆறு செயின் கண்ணி போட்டு வளையமாக்கி, அதிலிருந்து ஆறு கைகளை வளர்க்க வேண்டும். பின்னி முடித்ததைக் கஞ்சியில் முக்கி, பலகையில் படுக்கவைத்து, ஒவ்வொரு கை நுனிக்கும் ஒரு குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். காய்ந்தால் அட்டைபோல விறைத்து நிற்கும். கூடத்தில் இருந்த நாற்பது பேரும் பனியைக் கண்டவர்கள் அல்லர், நானும் கண்டதில்லை. அவர்கள் அதற்கு வைத்த பெயர் ஐஸ் பூ.

"ஏட்டி, வெள்ளக்காரன் வீட்டு மேல சும்மாவே பெய்யுதாம்ல? பொறவு எதுக்கு நம்மகிட்ட வாங்குதான்?"

"பெய்யிறத மரத்துல கட்டித் தொங்கவிட முடியுமாட்டி? உருகிப் போயிருமே."

இத்தகைய பேச்சை நான் கதவுக்கு வெளியே நின்றுதான் கேட்டிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் கூடம் அடங்கிவிடும். ஊசிகளின் அசைவு மட்டும் தெரியும். அதை ஒழுங்கு என்று எண்ணிப் பெருமைப்பட்டிருந்தேன்.

2. மதிய உணவு

பெண்கள் கூடத்தின் நடுவே வட்டமாக அமர்ந்து குழம்பை மாற்றிக்கொண்டு உண்பார்கள். நான் அலுவலக அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உண்பேன். மேற்பார்வை செய்பவர் தட்டைப் பகிர்ந்துகொண்டால், பிற்பகலில் ஒரு பீஸைத் தள்ள அவருக்குக் கை வராது என்பது என் கொள்கை. வீட்டிலும் நான் ஒருத்திதான். ஆகவே பல நாட்களில் வேலை குறித்தன்றி வேறு எதையும் எவரோடும் பேசியிருக்க மாட்டேன்.

இந்தக் கொள்கையை மதிக்காதவர் ஒருவர் இருந்தார். மம்சாபுரத்திலிருந்து வந்த சவரியம்மாள். கஞ்சிப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. கஞ்சி சற்று நீர்த்தாலும் ஐஸ் பூ துவண்டுவிடும், இறுகினால் பூவின் துளைகள் அடைந்துவிடும். இரு விரலால் தொட்டே அவர் பதம் சொல்லுவார். ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு, தூக்குவாளியோடு என் மேசைக்கு எதிரே அமர்ந்துவிட்டார்.

"தனியாத் தின்னா சோறு எறங்குமா டீச்சர்?"

நான் தலை நிமிராமல் உண்டேன். அவரைப் போகச் சொல்லவும் இல்லை. மறுநாளும் வந்தார். மூன்று ஆண்டுகள் வந்தார். அவர் பேசுவார், நான் கேட்பேன். அந்த அரை மணி நேரத்தை நான் எவ்வளவு நம்பியிருந்தேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

3. சாரல் நாட்கள்

அந்த மூன்றாம் ஆண்டு ஆனியில் மலைப்பக்கத்துச் சாரல் வலுத்திருந்தது. இரண்டாயிரம் பீஸ் முடிய வேண்டும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் சார்பில் மதராஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வர மூன்று நாட்களே இருந்தன. ஈரக்காற்றில் பலகையில் வைத்த பூக்கள் காய மறுத்தன. போதாததற்கு, அந்த முறை வந்த நூலில் மெல்லிய மஞ்சள் படிந்திருந்தது. சாம்பிளின் அருகே வைத்தால் எங்கள் பூ பழைய துணிபோலத் தெரிந்தது.

அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் அவர் வேட்டிக்கு நீலம் போடாத நாள் கிடையாது. மஞ்சளை அடக்க நீலமே வழி. வாளிக்கு அரைக் கரண்டி நீலத்தைக் கஞ்சியில் கலக்கும்படியும், பலகையை விட்டுவிட்டு, கயிறு கட்டி மின்விசிறியின் கீழ்ப் பூக்களைத் தொங்கவிடும்படியும் உத்தரவிட்டேன். தொங்கவிட்டால் பாதி நேரத்தில் காய்ந்துவிடும்.

சவரியம்மாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீலம் போடுதது சரி. தொங்கப் போட வேணாம் டீச்சர். நீலம் கரையாதுல்ல, கஞ்சியோட கீழ எறங்கி நுனியில நிக்கும். வேட்டின்னா நல்லாப் பிழிஞ்சிட்டுப் போடுதோம். இதப் பிழிய முடியுமா? பலகையிலயே படுக்கப் போட்டுருவோம்."

நாற்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் பார்த்திராவிட்டால் நான் ஒருவேளை யோசித்திருப்பேன்.

"நான் கெமிஸ்ட்ரி படிச்சவ, சவரியம்மா. எது கரையும் எது கரையாதுன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தொங்கப் போடுங்க."

"சரி டீச்சர்" என்றார்.

நீலம் தண்ணீரில் கரைவதன்று; நுண்துகளாக மிதந்து, நின்றால் அடியில் படிவது. இது என் இரண்டாம் ஆண்டுப் பாடத்திலேயே இருந்தது. சவரியம்மாள் அதைத் துவைக்கும் கல்லில் கற்றிருந்தார்.

4. வாசல் வெளிச்சம்

கூடத்தின் டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டாயிரம் பூக்களும் மாசற்ற வெண்மையோடு இருந்தன. நான் மனநிறைவோடு பெட்டிகளில் அடுக்கவைத்தேன். இன்ஸ்பெக்டர் வந்த அன்று சாரல் விட்டு வெயில் அடித்தது. அவர் ஒரு பூவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐந்து கைகள் வெள்ளை. ஆறாவது கையின் நுனி நீலம்.

இரண்டாவது பூ. மூன்றாவது. பத்தாவது. எல்லாவற்றிலும் ஒரே ஒரு நீல நுனி.

"என்னம்மா இது, பனிக்கு நெயில் பாலிஷா?" என்று சிரித்தார். "மொத்தமும் ரிஜெக்ட். பத்து நாள் டைம் தரேன். மறுபடி ரெடி பண்ணுங்க."

காசிம் பாய் முகம் வெளுத்து என் பக்கம் திரும்பினார். "யாரு டீச்சர் கஞ்சி போட்டது?"

சவரியம்மாள் ஐந்தடி தொலைவில், பெட்டி கட்டும் கயிற்றோடு நின்றிருந்தார். நான் சொன்ன வாக்கியம் இன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"கஞ்சிப் பிரிவு சவரியம்மாளோட பொறுப்பு, முதலாளி."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நான் அதை அவ்வளவு கவனமாக அமைத்திருந்தேன்.

"இனிமே அந்தம்மா கஞ்சிப் பக்கமே போக வேணாம். நூல் பிசிறு வெட்டட்டும்" என்றார் காசிம் பாய்.

சவரியம்மாள் என்னைப் பார்த்தார். குற்றஞ்சாட்டும் பார்வை அன்று, காத்திருக்கும் பார்வை. நான் பெட்டியின் லேபிளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, "சரி மொதலாளி" என்றார். அன்று மாலை குறைப் பதிவேட்டில், 'கஞ்சிப் பிரிவின் கவனக்குறைவு, பொறுப்பு: சவரியம்மாள்' என்று என் கையெழுத்தில் எழுதினேன். மறுநாள் முதல் அவர் வரவில்லை.

இரண்டாயிரம் பூக்களையும் வெந்நீரில் அலசி, மஞ்சள் போக பிளீச்சிங் பவுடரில் வெளுத்து, புதுக்கஞ்சியில் முக்கி, பலகைகளில் படுக்கவைத்தோம். சவரியம்மாளின் இடத்தில் முதல் வாளியின் முன் நின்ற ஜமீலா, கூடம் முழுவதும் கேட்கும்படி கேட்டாள்:

"நீலம் போடவா டீச்சர்?"

"வேண்டாம்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் அனைவருக்கும் உண்மை தெரியும். முதலாளியிடம் எவரும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டிய வார்த்தை என்று விட்டுவைத்திருந்தார்கள். சரக்கு கப்பலேறியது. மதியம் என் அறைக் கதவை அதன்பின் யாரும் தள்ளவில்லை.

5. மம்சாபுரம்

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மம்சாபுரத்துக்குப் பேருந்து ஏறினேன். கஞ்சிப் பதம் அமையவில்லை என்ற அலுவல் காரணத்தை மனத்தில் தயாராக வைத்திருந்தேன். சவரியம்மாள் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. அதன் கீழே, ஒரு நூலில், ஐஸ் பூ ஒன்று. நீல நுனி தரையைப் பார்த்திருந்தது.

"அன்னைக்கு ரிஜெக்ட்டுல கெடந்தது. கேக்காமத்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றார். "உக்காருங்க டீச்சர்."

"மறுபடியும் கஞ்சிப் பிரிவுக்கு வாங்க, சவரியம்மா. முதலாளிகிட்ட நான் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவீக?"

இதற்குத்தான் நான் ஆறு மாதம் தயாராகியிருக்க வேண்டும்.

"நீங்க நல்ல வேலைக்காரின்னு சொல்றேன்."

"அது அவியளுக்கே தெரியுமே." அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு வீட்டுக்கு வந்து மூணு நாளு வேற வேலைக்கே போகல டீச்சர். ஆள் வரும், கூப்பிடுவாகன்னு நெனச்சேன். இப்ப பேண்டேஜ் கம்பெனியில துணி மடிக்கேன். கோவம்லாம் இல்ல. அங்க வந்தா மத்தியானம் உங்க எதுக்க உக்காரணும்ல, அது இனி ஏலாது."

உள்ளே போய் ஒரு தட்டில் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தார். அதில் ஒன்றைத் தாமும் எடுத்துக்கொண்டு எதிரே அமர்ந்தார்.

"சாப்பிடுங்க. தனியாத் தின்னா ஒங்களுக்கு எறங்காது."

நான் உண்டேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே பேருந்து ஏறினேன். அதன்பின் அங்கே போகவில்லை.

6. வழியனுப்பு விழா

மேற்பார்வைப் பணிக்கு வரும் இளையோர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். கீழே பணிபுரிபவர் 'வேண்டாம்' என்று சொன்னபின் நீங்கள் 'செய்' என்று சொன்னால், அந்த நொடியிலிருந்து அந்த வேலை உங்களுடையது. அதைப் பின்னர் எந்த இலக்கணச் சுத்தமான வாக்கியத்தாலும் அவரிடம் திருப்பித் தர இயலாது. அன்றே, வாசலிலேயே, 'நான் சொன்னேன்' என்று இரு சொற்களைச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து அவற்றைச் சொல்வது இரு மடங்கு கடினம். பிறகு சொல்லவே வராது.

தொண்ணூறுகளின் இறுதியில் நான் ஓய்வு பெற்றபோது, கூடத்திலேயே விழா எடுத்தார்கள். மாலையிட்டார்கள். காசிம் பாய் குறைப் பதிவேட்டைக் கையில் தூக்கிக் காட்டினார்.

"இத்தன வருசத்துல இந்த நோட்டுல டீச்சர் பேர்ல ஒரு கம்ப்ளைண்ட் கிடையாது!"

கூடத்தில் பலர் கைதட்டினார்கள். பழைய பெண்கள் ஏழெட்டுப் பேர் தட்டவில்லை. நான் எழுந்து கைகூப்பி, நன்றி சொல்லி அமர்ந்தேன்.

அவர் சொன்னது உண்மையே. என் பெயரில் அந்த நோட்டில் ஒரு குறையும் இல்லை. அது சவரியம்மாளின் பெயரில், என் கையெழுத்தில் இருக்கிறது. நீலம் போடச் சொன்னதும் தொங்கவிடச் சொன்னதும் நான்.