அப்பா கண்டுபிடித்த தடாகம்

அப்பாவுக்குத் தெரிந்த மராத்தி, நாங்கள் குடியிருந்த தேஹு ரோடு என்ற ஊரில் காய்கறி வாங்கப் போதும். அதற்கு மேல் போதாது. இது அப்பாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கீழ்வீட்டு மராத்திக்காரர் மலையைக் காட்டி, மேலே ஒரு பழைய ‘தடக’ இருப்பதாகச் சொன்னதும், அப்பா வீட்டுக்குள் ஓடி வந்தார். “மேல தடாகம் இருக்காம்லா! ஞாயித்துக்கெழமை குளிக்கப் போவோம்.”

அம்மாவை எப்படியாவது வெளியே கூட்டிப் போக வேண்டும் என்பதே அவர் எண்ணம். ராணுவ டிப்போ வேலையில் அவருக்கு ஆவடிக்கு மாற்றல் வந்திருந்தது; சொந்தங்களுக்கு அருகே போகலாம் என்று வருடக்கணக்காகக் காத்திருந்த மாற்றல். ஆனால் அந்த மழைக்காலத்தில்தான் தம்பி பிறந்து, பெயர் வைப்பதற்குள் இறந்து, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புதைக்கப்பட்டிருந்தான். பிள்ளையைத் தனியே விட்டு வர மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா கெஞ்சிப் பார்த்து, கோபித்துப் பார்த்து, ஓய்ந்து போயிருந்தார். இந்த மாற்றலை விட்டால் மறுபடி கிடைக்காது.

தடாகத்துக்குப் போகிறவர்கள் தண்ணீர் சுமப்பார்களா என்று அப்பா கேட்டதால், துண்டுகளும் புளியோதரையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினோம்.

மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வட்டமாக நட்ட கற்களுக்கு நடுவே ஒரு கல்மேடு. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் விளக்கிய பிறகுதான் புரிந்தது, மராத்தியில் ‘தடக’ என்றால் சமாதி. ராஜாக்களுக்கெல்லாம் முந்திய காலத்து ஆட்களாம். யார் என்று யாருக்கும் தெரியாதாம். அப்பா செல்போனில் சிக்னல் தேடுகிறவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தாகத்தில் அழுகை வந்தது.

அம்மா மட்டும் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் கடைத்தெரு இந்தியில் கேட்டாள்: “இன்கோ தேக்னேவாலா கோன்?” இவர்களைப் பார்த்துக்கொள்வது யார்?

அந்தப் பெண், ஆடு சரித்துவிட்டிருந்த கல்லைத் தூக்கி மேட்டில் வைத்தாள்.

“ஆம்ஹி ஆஹோத் நா.” நாங்கள் இருக்கிறோமே என்றாள். பெரிதாக எதையும் சொல்லிவிட்டதாக அவளுக்குத் தோன்றியிருக்காது. ஆட்டைத் திட்டிக்கொண்டே போய்விட்டாள்.

அம்மா கீழே கிடந்த இன்னொரு கல்லை எடுத்து, உருளாமல் பார்த்து வைத்தாள்.

பாதி இறக்கத்தில் அம்மா கேட்டாள்: “ஆவடிக்கு எப்பம் போவணும்னு சொன்னிய?”

அப்பா அப்படியே நின்றுவிட்டார். அவர் கண்கள் ஏன் கலங்கின என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு நாக்கு வறண்டிருந்தது. தாகம் தாங்காமல்தான் அம்மாவுக்கு அந்த ஊர் வெறுத்துவிட்டது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.