நேர்த்தி இல்லாத நடை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சாதாரண தரச் சோதனையில் கணக்குச் சித்தியடையாமல் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் பெயரைக் கேட்டாலே குரல் அடைத்துவிடும். ஆனால் நான் சீனாவில் மலை ஏறியதைப் பற்றி எங்கள் ஊர் தேற்றாத்தீவில் ஒரு பிழையான கதை உலாவுகிறது. வாயால் அதை மறுக்க எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கதையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நெல் ஆலையில் வேலை. அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பி, வெறுங்காலால் கோடு கோடாகக் கிண்டிக்கொண்டு நடக்க வேண்டும். களத்தின் அந்தத் தலைப்புவரை போய்த் திரும்ப வேண்டும். பிறகு மறுபடியும் போக வேண்டும். முப்பது வருடமாக இதுதான் என் நடை. கலியாணம் ஆகவில்லை. வழமைப்படி வீடு தங்கைக்குச் சீதனமாகப் போனது. பின்பக்க அறை எனக்கு. குடும்பத்தோடு எங்கே போனாலும் சாமான்களுக்குக் காவல் இருப்பது நான்தான். கோயில் திருவிழாவில் செருப்புகளுக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்திருப்பீர்கள்.

ஆனாலும் நான் நாலு தடவை கதிர்காம முருகன் கோயிலுக்கு நடந்திருக்கிறேன். உகந்தையில் காட்டுக்குள் இறங்கி, ஒருவரையொருவர் ‘சாமி’ என்று கூப்பிட்டுக்கொண்டு நடக்கும் அந்த யாத்திரை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டால் ஒரு பெண்ணை யாரும் மறிக்க மாட்டார்கள். முதல் தடவை தங்கைக்குக் கலியாணம் கூடிவர. இரண்டாவது, அவளுக்குப் பிள்ளை கிடைக்க. மூன்றாவது, அவள் புருசன், என் மச்சானின் நெஞ்சு ஒப்பரேசனுக்காக. நாலாவது, அந்தப் பிள்ளையின் சோதனைக்காக. நாலு தடவையும் கால் என்னுடையது. நேர்த்தி வேறு யாருடையதோ.

அந்தப் பிள்ளை சோதனையில் நன்றாகச் செய்து, சீனாவில் குன்மிங் நகரத்துக்கு டாக்டர் படிப்புக்குப் போனாள். பட்டமளிப்புக்குத் தங்கை போக வேண்டியது. முழங்கால் வருத்தத்தால் அவளுக்கு முடியவில்லை. மச்சானுக்கு விமானம் ஏற டாக்டர் விடவில்லை. “அக்கா போகட்டும், ஆறு வருசத்துச் சாமானையும் கட்டி எடுத்திட்டு வரலாம்” என்றாள் தங்கை. அப்படித்தான் நான் சீனாவுக்குப் போனேன்.

பட்டமளிப்பு முடிந்த பிறகு, நான் மகள் என்றே கூப்பிடும் அந்தப் பிள்ளையும், அவளோடு படித்த, எங்கள் பக்கத்து ஏறாவூர்ப் பிள்ளை ஒருத்தியும், முதுகில் பையோடு பத்து நாள் சுற்றத் திட்டம் போட்டிருந்தார்கள். என்னை அறையில் தனியே விட முடியாமல் கூட்டிப் போனார்கள். மகளின் பழைய முதுகுப்பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு டின் பொரிவிளாங்காய் உருண்டை. படுக்கை இல்லாத ரயிலில் ஒரு இரவு முழுக்க இருந்தோம். பெட்டி முழுக்கக் கோப்பை நூடில்ஸ் வாசம். எதிரே இருந்த கிழவர் தன் கோழிக்கால் பொட்டலத்தை நீட்டினார். நான் பொரிவிளாங்காய் ஒன்றைக் கொடுத்தேன். கடித்துப் பார்த்தார். பல் இறங்கவில்லை. சுடுதண்ணீர் போத்தலால் அடித்து உடைத்து, பெட்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் பங்கிட்டார். பேச வேண்டிய தேவை வராததால் எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு பஸ். பிறகு அதைவிடச் சின்ன பஸ். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. வயல்வட்டையும் வாவியும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த ஒன்றுமில்லாத பக்கத்திலிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை.

யாங்சி ஆற்றின் மேல்பகுதியில், புலி பாயும் பள்ளத்தாக்கு என்று சொல்லும் இடத்தின் அடிவாரத்தில் ஒரு விடுதியில் தங்கினோம். காலையில் மகள் பெரிய பைகளை என் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கினாள்.

“பெரியம்மா, நாங்க மேல ஏறி, ஒரு ராவு தங்கி, நாளைக்கு வந்திருவம். நீங்க இஞ்ச இருங்க. டீவி இருக்கு. சாமானையும் பாத்துக்கலாம்.”

“நானும் வாறன்.”

“அது மலை பெரியம்மா.”

“தெரியும். நேத்துலயிருந்து அதத்தானே பாத்துக்கொண்டு இருக்கன்.”

அவள் பயந்து தாய்க்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். தங்கை குசினிக்குள் நின்றாள். அடுப்பில் ஏதோ தாளித்தபடியே தொடங்கினாள்.

“உங்களுக்கென்ன வயசு அக்கா? ஊரே கதிர்காமத்துக்கு நடக்கிற நேரத்தில சீனாக்காரன்ட மலையில உங்களுக்கு என்ன வேல? விழுந்து கிடந்தா ஆரு தூக்குற?”

மகள் இடையில் புகுந்தாள். “அம்மா, மேல ஒரு கோயில் இருக்காம். பெரியம்மாக்கு அங்க ஒரு நேர்த்தி.”

தங்கையின் முகம் உடனே மாறியது. “அப்பிடியெண்டாச் சரி. அத முதலே சொல்லியிருக்கலாமே.”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வழி திறந்துவிட்டது. மகள் எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் போனைக் கையில் வாங்கினேன்.

“புள்ள பொய் சொல்றா. கோயில் இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது. நேர்த்தி ஒண்டும் இல்ல.”

“அப்ப ஆருக்காக ஏறப் போறீங்க?”

“ஆருக்காகவும் இல்ல.”

“ஆருக்காகவும் இல்லாம ஒரு பொம்புள என்னத்துக்கு மலை ஏறுவா?”

“ஏறிப் பாத்திட்டு மறுகா சொல்றன்.”

தங்கை அழைப்பைத் துண்டித்துவிட்டாள். போனை மகளிடம் திருப்பிக் கொடுத்தேன். ஏறாவூர்ப் பிள்ளை சிரித்தாள். “நீங்க இவ்வளவு கதச்சத நான் இண்டைக்குத்தான் கேட்டன், பெரியம்மா.” பெரிய பைகளை அறைக்குள் வைத்துப் பூட்டினோம். சாமானுக்குக் காவல் இல்லாமல் ஒரு பூட்டு மட்டும் தொங்குவதை நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

மகள் வாங்கித் தந்த சப்பாத்து முதல் ஒரு மணித்தியாலத்திலேயே குதிக்காலைக் கடித்தது. கழற்றி, கயிற்றை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டேன். வெறுங்காலுக்குக் கல் பிடிபட்டது. அப்போதுதான் பின்னால் மணிச்சத்தம் கேட்டது. என் வயதிருக்கும் ஒரு பெண், குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். களைத்துப்போகிறவர்களை ஏற்றிச் செல்வது அங்கே ஒரு தொழில். யார் களைப்பார்கள் என்று பார்த்து, அவர் பின்னாலேயே வருவார்கள். அவள் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஏதோ சொன்னாள்.

ஏறாவூர்ப் பிள்ளை மொழிபெயர்த்தாள். “மேல இருவத்தெட்டு வளைவு இருக்காம். பத்தாவதில நீங்க ஏறுவீங்களாம்.”

“மாட்டன் எண்டு சொல்லு.”

பத்தாவது வளைவில் நான் குதிரையில் ஏறவில்லை. ஆனால் பதினைந்தாவதில் உட்கார்ந்துவிட்டேன். காற்று மெல்லியதாக இருந்தது. எவ்வளவு இழுத்தாலும் நெஞ்சு நிரம்பவில்லை. மணிச்சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. குதிரைக்காரி சேணத்தைத் தட்டிக் காட்டினாள். குதிரையின் கழுத்தில் நான் கையும் வைத்துவிட்டேன். சூடாக இருந்தது.

கதிர்காமப் பாதையில் இப்படிக் கால் ஓயும்போது, யாருக்காக நடக்கிறேனோ அவரை நினைப்பேன். தங்கையின் கழுத்தில் தாலி, மச்சானின் நெஞ்சு, பிள்ளையின் சோதனைத்தாள். அது என்னை இழுத்துக்கொண்டு போகும். அன்று நினைக்க யாரும் இல்லை. நான் ஏறாவிட்டால் யாருக்கும் ஒன்றும் குறையாது. எந்த வேண்டுதலும் தவறிப்போகாது. அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் பார்க்க முடியாமல் போகும், அவ்வளவுதான். அதைப் பார்க்க எனக்கு விருப்பமாக இருந்தது. என் விருப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழும்பலாமா என்று அதுவரை நான் சோதித்துப் பார்த்ததில்லை. குதிரையிலிருந்து கையை எடுத்தேன். எழும்பினேன்.

“பெரியம்மா, ஏறுங்க, வெக்கமில்ல” என்றாள் மகள்.

“வெக்கப்பட்டு நடக்கல்ல. நீ முன்னால போ.”

பதினாறாவது வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வளைவு இருந்தது. அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். மணி கடைசிவரை பின்னால் வந்தது.

உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு பாறையில் இருந்தேன். கீழே ஆறு ஒரு நூல் போலக் கிடந்தது. அதன் இரைச்சல் அவ்வளவு உயரத்துக்கும் கேட்டது. பழக்கத்தில் கை கூப்ப எழுந்தது. கூப்பினேன். முருகனிடம் அன்று ஒன்றும் கேட்கவில்லை. குதிரைக்காரி என் முன்னால் குந்தி, என் காலைத் தூக்கி, குதிரையின் குளம்பைப் பார்ப்பதுபோல உள்ளங்காலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தாள்.

“இந்தக் காலுக்கு லாடம் தேவையில்லையாம்” என்றாள் ஏறாவூர்ப் பிள்ளை.

அன்று பின்னேரம் மலையிலுள்ள விடுதியில் இருந்தபோது தங்கையே அழைத்தாள்.

“ஏறிட்டீங்களா?”

“ஓம்.”

“குதிரையிலயா?”

“நடந்து.”

“குளிருதா?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அயலில கேட்டாங்க. நேர்த்திக்கு எண்டு சொல்லி வெச்சிருக்கன். நீங்களும் வந்து அப்பிடியே சொல்லுங்க.”

“சொல்ல மாட்டன். சும்மாதான் போனாவாம் எண்டு நீயே சொல்லு.”

“சும்மா எண்டு எப்பிடிக்கா சொல்ற? சனம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நீ சொல்லாட்டி நான் வந்து சொல்லுவன்.”

ஊருக்கு வந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆலையில் கேட்டவர்களைத் தாண்டி நெல்லைக் கிண்டப் போய்விட்டேன். அதனால் இங்கே எழுதிவிட்டேன். அந்த மலைக்கு நான் எந்த நேர்த்திக்கும் போகவில்லை. பார்க்க ஆசைப்பட்டேன், போனேன்.

மலையில் அடுத்த நாள் காலையில் மழை பெய்தது. வலது கால் பெருவிரல் வீங்கியிருந்தது. மழை விட்டதும் இறங்கி, பைகளை எடுத்துக்கொண்டு, பின்னேர பஸ்ஸில் லிஜியாங் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.