எண்ணெய் அண்ணனும் பக்கக் கதவும்

அந்த அரங்கத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவரை எல்லோரும் எண்ணெய் அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள், இவர் எண்ணெய்க் குப்பி வைத்திருப்பார். எங்கேயாவது ஒரு கதவு கிரீச்சிட்டால் போதும், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடுவார். ஆனால் சொந்த வீட்டுக் கதவு கத்துகிற கத்தலில் அடுத்த வீட்டுக்காரர் எழுந்துவிடுவார். அரங்கத்தின் கடைசியில் இவர் உட்காரும் மர நாற்காலியும் அதே லட்சணம்தான். தனக்கென்றால் மனுஷனுக்குக் கை வராது.

ஒரே மகள் செல்லோ என்ற பெரிய வில் வாத்தியம் வாசிப்பவள். தந்தி வாத்தியங்களுக்கென்று தானே இசையமைத்து, முதல் கச்சேரியை அப்பாவின் அரங்கத்திலேயே வைத்தாள். புதுமாதிரி இசை. மெட்டு கிட்டு என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. வில்லை அழுத்தித் தேய்ப்பார்கள், கட்டையைத் தட்டுவார்கள்.

அன்று காலை ஒத்திகை. வெளியே நின்ற அண்ணனுக்கு உள்ளேயிருந்து கிரீச் கிரீச் என்று கேட்டது. பதறிப் போனார். “அடக் கடவுளே! என் பொண்ணு கச்சேரியில எந்தக் கதவு இப்படி மானத்தை வாங்குது?”

அவர்கள் சாப்பிடப் போனதும் கழிப்பறைக் கதவு முதல் மேடையின் பக்கக் கதவு வரை எல்லாவற்றையும் எண்ணெயில் குளிப்பாட்டினார். கத்தியது வயலின் என்று அவருக்கு யார் சொல்வது?

மாலைக் கச்சேரியில், கடைசியில் தன் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு, அந்த வயலின் மறுபடி கத்தியபோதுதான் விஷயம் புரிந்தது. “என்னங்க, இப்படி முழிக்கிறீங்க?” என்றாள் மனைவி.

கடைசியில் மகள் எழுந்து நின்றாள். “முடிவுப் பகுதிக்கு வாத்தியம் கிடையாது. இந்தப் பக்கக் கதவுதான். எவ்வளவு எண்ணெய் போட்டாலும் மறுவாரமே கத்தும், எங்கப்பாவுக்கு அடங்காத கதவு. ஸ்கூல் விட்டு வந்து இங்க உக்காந்திருப்பேன். இது கத்தினா அப்பா வந்துட்டார்னு அர்த்தம். அவருக்கே இது இன்னிக்குத்தான் தெரியும்.”

அவள் கதவை மெல்லத் தள்ளினாள். சத்தமே இல்லை. மறுபடி தள்ளினாள். பாழாய்ப் போன கதவு மூச்சு விடவில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போனது.

“ஐயோ, என் கையாலேயே கெடுத்துட்டேனே!” என்று அண்ணன் எழுந்தார். கிரீ...ச்! மொத்தக் கூட்டமும் திரும்பியது. வெட்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். கிரீ...ச்!

மகளின் கண் பளிச்சென்றது. “அப்பா, இன்னொரு தடவை!”

எழுந்தார், உட்கார்ந்தார். அவள் செல்லோவை எடுத்து அந்த நாற்காலிக்குப் பதில் சொன்னாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அண்ணன் கண்ணீரும் வேர்வையுமாக, முழங்கால் வலிக்க வலிக்க, அவள் வில்லை இறக்கும் வரை எழுந்து உட்கார்ந்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

கூட்டம் கலைந்ததும் மகள் நேராக அவரிடம் வந்தாள். சட்டைப் பையிலிருந்த எண்ணெய்க் குப்பியை உருவித் தன் செல்லோப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

“நாளைக்கும் கச்சேரி இருக்குப்பா. அந்த நாற்காலியத் தொட்டே, அவ்வளவுதான்.”