எழுந்த முடிச்சு

என் தங்கையை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சிக்கு என்றுதான் கூப்பிடுவோம். தலைமுடி, பட்டம் விட்ட நூல், அம்மா பின்னுவதற்கு வைத்திருந்த கம்பளி உருண்டை, எது சிக்கிக்கொண்டாலும் அவளிடம் கொடுத்தால் போதும். ஒரு மூலையில் உட்கார்ந்து பிரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அறுபது வயதை நெருங்கியும் அந்தப் பெயர் போகவில்லை. என் மகளுக்கு அவள் சிக்கு அத்தை. வேலை பார்க்கும் கடையிலும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கடை ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. நகைக்கடைதான், ஆனால் தங்கமோ வைரமோ கிடையாது. பல நாடுகளில் வீட்டுக்குள்ளும் சின்னப் பட்டறைகளிலும் கையால் நகை செய்கிறவர்களிடம் நேரடியாக வாங்கி விற்கிறார்கள். கொம்பில் செதுக்கிய வளையல், வெள்ளிக் கம்பியில் வளைத்த தோடு, ஊதிச் செய்த கண்ணாடி மணி, விதைகளைக் கோத்த மாலை. ஒவ்வொன்றுக்கும் மேலே, செய்தவரின் புகைப்படம் ஒன்று ஊசியால் குத்தப்பட்டிருக்கும். முகம் இல்லாத நகை இந்தக் கடையில் இல்லை என்பது கடைக்கார அம்மாவின் விதி. அவர் பேச்சுக்காக அப்படிச் சொல்கிறவர் அல்லர். வருஷத்தில் பாதி நாள் பெட்டியும் கையுமாக அலைந்து, அந்த முகங்களை ஒவ்வொன்றாக நேரில் பார்த்துவிட்டு வந்தவர்.

சிக்குவின் இடம் திரைக்குப் பின்னால் உள்ள அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவரும் அதில் இறங்கும் தண்ணீர்க் குழாயும் தெரியும். மேஜை மேல் ஒரு விளக்கு, இரண்டு குறடு, கத்தரி, மெழுகு தடவிய நூல், மணிகள் உருண்டு ஓடாமலிருக்க ஒரு கம்பளித் துண்டு. தூர தேசத்துப் பார்சல்கள் அவளிடம்தான் முதலில் வரும். பிரித்தால் புகை வாசனையோ மீன் வாசனையோ அடிக்கும். வழியில் கொக்கி உடைந்திருக்கும், கம்பி நெளிந்திருக்கும், நாலு மாலைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கும். அதையெல்லாம் சரிசெய்து வெளியே அனுப்புவது அவள் வேலை. அவள் கணவர் தவறிய பிறகு எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்ட அவள், அதற்கு அடுத்த மாதம் சேர்ந்த வேலை அது.

காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு வேளைக்குத்தான் எழுந்திருப்பாள். மறுபடி உட்கார்ந்தால் கடை மூடும்போது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சுவரில் பின்னந்தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். என் மனைவி விடமாட்டாள்.

"என்ன சிக்கு, கழுத்து கூட வந்துச்சா, இல்ல கடையிலயே விட்டுட்டு வந்துட்டியா?"

"வந்துச்சு அண்ணி. ஆனா என்கூடப் பேச மாட்டேங்குது."

"நடுவுல கொஞ்சம் எழுந்து நடந்தாத்தான் என்ன? காலுக்குக் கேடா?"

"எழுந்தா, எந்த எடத்துல விட்டோம்னு மறந்துடுது அண்ணி."

கடையில் இருந்த படங்களில் ஒரு பெண்ணின் படம் உண்டு. அகலமான முகம், வெயிலுக்குச் சுருக்கிய கண், சிரிப்பில் முன்பல் இடைவெளி. அவர் பெயரைச் சொல்ல யாருக்கும் நாக்கு வளையாததால் கடையில் விதைமாலைக்காரி என்றே சொல்வார்கள். பழுப்பு விதையும் சுட்ட மண் மணியும் மாறி மாறி வரும் நீளமான மாலை. ஒவ்வொரு மணிக்கும் நடுவில் கடுகு போல ஒரு முடிச்சு. ஆனால் அங்கங்கே மட்டும் மிளகு பருமனுக்கு ஒரு முரட்டு முடிச்சு இருக்கும். ஒரு மாலையில் மூன்று, இன்னொன்றில் ஏழு, ஒரு கணக்கும் கிடையாது.

நகை பார்க்க வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள். "பாவம், எவ்வளவு பொறுமையாப் பண்ணியிருக்காங்க" என்பார்கள். பிறகு மாலையை எடுத்துக் கண்ணாடி முன் வைத்துப் பார்ப்பார்கள். "இந்த எடத்துல மட்டும் ஏன் புடைச்சுக்கிட்டு இருக்கு? இதே மாதிரி நல்லதா வேற இருக்கா?" என்பார்கள். கடைப் பெண் அதைத் திரைக்குப் பின்னால் அனுப்பிவிடுவாள். சிக்கு நூலை அறுத்து, மணிகளை வரிசை மாறாமல் கம்பளித் துண்டில் பரப்பி, எல்லா முடிச்சையும் ஒரே அளவில் போட்டுத் திருப்பித் தருவாள். அதன் பிறகு கேட்காமலே செய்ய ஆரம்பித்தாள். பார்சல் வந்ததுமே மாலைகளை மொத்தமாக அறுத்துக் கோத்துவிடுவாள்.

அதை அவள் உதவி என்றே நினைத்தாள். என்னிடமே சொல்லியிருக்கிறாள்: "அவசரத்துல கட்டிடறாங்க போல அண்ணா. விக்காம நின்னா அவங்களுக்கு அடுத்த ஆர்டர் போகாது. நமக்கு என்ன, ஒரு மணி நேரம்."

மாலைகள் நன்றாகவே விற்றன. ஆர்டரும் கூடியது. அவள் கொக்கியை மட்டும் மாற்றுகிறாள் என்று கடைக்கார அம்மா நினைத்திருந்தார். இவள் மறைக்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை.

போன வருஷம் கைவினைக் கண்காட்சி ஒன்றுக்காக விதைமாலைக்காரி இந்த ஊருக்கு வந்தார். கடைக்கார அம்மா பெருமையோடு அவரைக் கடைக்கு அழைத்து வந்தார். கூடவே மொழி தெரிந்த ஒரு பெண். அன்று நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. சிக்கு சொன்னதும் கடைப் பெண் சொன்னதும் ஒத்துப்போகின்றன. வந்தவருக்குத் தேநீர் கொடுத்தது முன்பா பின்பா என்பதில் மட்டும்தான் வேறுபாடு.

வந்தவர் தன் படத்தைப் பார்த்துச் சிரித்தார். கீழே தொங்கிய மாலையை எடுத்து, கண்ணை மூடி, விரல்களுக்கு நடுவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடவிட்டார். மறுபடி ஒருமுறை ஓடவிட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. ஏதோ கேட்டார். மொழி தெரிந்த பெண் தயங்கினாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் கடைக்கார அம்மா.

"இதை யார் பண்ணாங்கன்னு கேக்கறாங்க."

"யாரா? அவங்கதான். படம்கூட மேலயே இருக்கே!"

"இல்லையாம். இதைப் பண்ணவங்க ஒரு தடவைகூட எழுந்திரிக்கவே இல்லையாம். வீட்டுல யாருமே இல்லாத ஆளான்னு கேக்கறாங்க."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் ஊரில் மாலை கோக்கும் பெண்கள், வேலையிலிருந்து எழும்போதெல்லாம் மணிகள் நழுவாமலிருக்க ஒரு பெரிய முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்திருப்பார்களாம். அடுப்பு பொங்கினால் ஒரு முடிச்சு, குழந்தை அழுதால் ஒரு முடிச்சு, வாசலில் ஆள் கூப்பிட்டால் ஒரு முடிச்சு. திரும்பி வந்து அதிலிருந்து தொடர்வார்கள். அதை எழுந்த முடிச்சு என்கிறார்கள். அங்கே மாலை வாங்குகிறவர்கள் முதலில் விரலால் தேடுவது அதைத்தான். அது இல்லாத மாலையை வீட்டு மனுஷி கட்டவில்லை என்று ஒதுக்கிவிடுவார்களாம்.

கடையில் வேறு இரண்டு பேர் தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க விதைமாலைக்காரி எட்டித் தன் படத்தை ஊசியிலிருந்து பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அடுத்தவ வேலைக்கு என் மூஞ்சி எதுக்குன்னு கேக்கறாங்க" என்றாள் மொழி தெரிந்த பெண், குரலைத் தாழ்த்தி.

படம் போனால் விதிப்படி மாலையும் போகும். மாலை போனால் ஆர்டர் இல்லை. அவரும் அவருடைய நாத்தனார்கள் இரண்டு பேரும் அதை வைத்துத்தான் ஒரு குடும்பத்தை ஓட்டுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து அவர்கள் மாலையை வாங்கிக்கொண்டிருந்தது இந்த ஒரு கடைதான். இதெல்லாம் திரைக்குப் பின்னால் இருந்த சிக்குவுக்கும் தெரியும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கத்தரியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் வெளியே வந்தாள்.

"நான்தாம்மா அதைக் கட்டினது."

"என்ன சிக்கு சொல்ற? நீ கொக்கி மட்டும்தானே மாத்தற?"

"முடிச்சையும்தான்."

"யாரைக் கேட்டுப் பண்ணினே?"

"யாரையும் கேக்கலம்மா. பாக்க நல்லா இருக்கட்டும்னு பண்ணினேன்." பிறகு மொழி தெரிந்த பெண்ணிடம் திரும்பினாள். "எங்கெங்க இருந்துச்சுன்னு சொல்லச் சொல்லும்மா. இன்னிக்கே திரும்பப் போட்டுக் குடுத்துடறேன்."

அதைக் கேட்டு விதைமாலைக்காரிக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "நான் எப்ப எழுந்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாராம்.

கடைக்கார அம்மா வெகுநேரம் பேசிப் பார்த்தார். கடைசியில் வந்தவர் ஒன்று சொன்னார். ஊருக்குப் போய்ப் புது மாலை அனுப்புகிறேன், அதோடு படத்தையும் வைக்கிறேன், அதில் ஒரு முடிச்சைத் தொட்டாலும் அதோடு சரி. மொழி தெரிந்த பெண் சொல்லி முடிக்கும்வரை அவர் சிக்குவின் கையிலிருந்த கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொட மாட்டேன்னு சொல்லும்மா. யார் கேட்டாலும் தொட மாட்டேன்" என்றாள் சிக்கு.

மீதியிருந்த மாலைகள் யாருடையவையாகவும் இல்லாமல் ஆகிவிட்டன. "உன் படத்தையே மாட்டிடலாமா?" என்று கடைக்கார அம்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"என் மூஞ்சியா? வாங்க வந்தவங்க மருந்துக் கடையோட திரும்பிடுவாங்க."

அவற்றை அவளே பிரித்தாள். மணிகளைத் துணிப்பையில் கட்டி விதைமாலைக்காரிக்கே அனுப்பச் சொன்னாள். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால், வெந்நீரில் விரல்களை அமிழ்த்தி உட்கார்ந்திருப்பாள். ஊரார் போட்ட சிக்கு எதையும் பிரித்துவிடலாம், நாமே இறுக்கிப் போட்டதுதான் நகத்தைக் கொண்டுபோகிறது என்றாள். என் மனைவிகூட அப்போது கேலி செய்யவில்லை. துண்டை எடுத்து நீட்டினாள்.

மழைக்காலம் முடிந்து பார்சல் வந்தது. மேலேயே படம் இருந்தது. பிடுங்கியபோது கிழிந்த மூலையில் ஒரு காகிதத் துண்டை ஒட்டியிருந்தார்கள். சிக்கு கொக்கிகளை மட்டும் சோதித்து, அப்படியே வெளியே அனுப்பினாள். படம் பழைய இடத்துக்குப் போனது.

மாலைகள் அசையவில்லை. எடுப்பார்கள், தடவுவார்கள், முகம் சுளித்து மாட்டிவிடுவார்கள். இப்படியே போனால் அடுத்த ஆர்டருக்கு என்ன சொல்லி எழுதுவது என்று கடைக்கார அம்மா தினமும் புலம்பினார். தானும் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதாகச் சிக்கு சொன்னாள்.

அப்படி இருக்கும்போது ஒரு பெண்மணி வந்தார். வயதும் வசதியும் உள்ளவர், பேச்சில் குறை சொல்ல முடியாது. மகளின் கல்யாணத்துக்கு வரும் தோழிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு மாலை கொடுக்க வேண்டும். கையால் செய்ததாக இருக்க வேண்டும், செய்த கைக்கு அதன் பலன் போய்ச் சேர வேண்டும் என்று தேடி வந்தவர். படத்தைப் பார்த்தார். மாலைகளை ஒன்றுவிடாமல் மேஜை மேல் பரப்பச் சொன்னார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கறேன். இந்தத் தடிச்ச முடிச்சை மட்டும் எடுத்துட்டுச் சீராப் போட்டுக் குடுத்துடுங்க."

கடைப் பெண் திரையைப் பார்த்தாள். சிக்கு வெளியே வந்தாள். வாங்க வருகிறவர்களிடம் பேசி அவளுக்குப் பழக்கமே கிடையாது.

"அது எடுக்கறதில்லம்மா."

"ஏன், முடியாதா?"

"முடியும். ஆனா எடுக்கறதில்ல. அது அவங்க எழுந்த எடம்."

"என்னது?"

"வேலை நடுவுல எழுந்தப்ப போட்டதும்மா. அடுப்பைப் பாக்க, புள்ளையத் தூக்க..."

அந்த அம்மாள் ஒரு மாலையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதுல எட்டு இருக்கே."

"அன்னிக்கு வீட்டுல தொல்லை ஜாஸ்தி போல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மாலையைக் கீழே வைத்தார். "எல்லாம் சரிங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. கல்யாணத்துல ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் நின்னு இந்தக் கதையைச் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? பழசுன்னு நினைப்பாங்க. ஒரு நாள் வேலைதானே, கொஞ்சம் பாத்துச் செய்யுங்களேன். அவங்களுக்கும் இத்தனை மாலை ஒரே நாள்ல விக்குமில்ல?"

அது நியாயமான பேச்சு என்பதுதான் கஷ்டம் என்றாள் சிக்கு. கை தானாகக் கத்தரியைத் தேடிப் பின்னால் போனதாம். அந்தக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இல்லம்மா, செய்யறதுக்கில்ல" என்றாள்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. வெள்ளிக் கம்பித் தோடு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனார்.

தன் மேஜையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மா, படி இறங்கும் சத்தம் அடங்கியதும் எழுந்து வந்தார். "எத்தனை கேட்டாங்க?" என்றார்.

"எல்லாத்தையும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கண்களையும் அழுத்தித் தேய்த்துக்கொண்டார். "சரி. போய் வேலையைப் பாரு."

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, "ஒரு கல்யாண வியாபாரத்தையே கெடுத்துட்டு வந்திருக்கே, சமத்து" என்றாள்.

"ஆமா அண்ணி" என்றாள் சிக்கு. செய்தது சரியா என்று என்னிடம் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டு, கழுவி வைத்துவிட்டு, மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

அடுத்த ஆர்டர் போயிற்று, முன்பைவிடச் சின்னதாக. இதை எழுதுவதற்கு முன் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நேற்று அந்தப் படிகளில் ஏறினேன். ஒட்டுப் போட்ட மூலையோடு படம் அதே இடத்தில் இருக்கிறது. கீழே மாலைகள் ஏறக்குறைய அப்படியே தொங்குகின்றன, ஒன்றிரண்டு குறைந்திருக்கலாம். திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. வேலை நேரம் என்பதால் கூப்பிடாமல் இறங்கி வந்துவிட்டேன்.