கிணற்றடி மேப்பிளுக்கு ஒரு துளை

ஒலிவின் கிரியோன் "இன்னைக்கு" என்று சொல்லாமல் எங்கள் சாலையில் ஒருவரும் சாறு இறக்க மேப்பிள் மரத்தில் துளை போடமாட்டார்கள். மொத்தம் பதினோரு வீடுகள். வீட்டுக்கு வீடு, மரத்தைப் பற்றி எல்லாம் தெரிந்த ஓர் ஆண்பிள்ளை உண்டு. வாயைக் கிளறினால் ஒரு மணி நேரம் பேசுவான். ஆனால் மார்ச் பிறந்துவிட்டால் அத்தனை பேரும் துளைப்பானைத் துடைத்துக் கதவோரம் வைத்துவிட்டு அவள் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பயம்தான் காரணம். மரத்தில் போட்ட துளை ஆறு வாரத்துக்குத்தான் சாறு விடும். பிறகு மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். அதே வருடத்தில் அதே மரத்தை இன்னொரு முறை துளைப்பவனை இங்கே மனிதனாகவே மதிக்கமாட்டார்கள். முந்திக்கொண்டால், சாற்றின் உண்மையான ஓட்டம் வரும்போது துளை காய்ந்து கிடக்கும். பிந்தினால், சாற்றைக் காய்ச்சி எடுக்கிற பாகுக்கு வெளிர்நிறத்தைத் தருகிற முதல் சாறு கைநழுவிப் போகும். வருடத்துக்கு ஒரே ஒரு தீர்மானம், அதைத் திருத்த வழியே கிடையாது.

ஒலிவின் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுக்கு இருபது வயது. மார்ச் முதல் வாரத்தில் மாமனார் துளைப்பானோடு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். காப்பி கொண்டுபோன மருமகள், "மாமா, இன்னைக்கு வேணாமே" என்றாள்.

"காப்பி கொண்டாந்த புள்ளைக்கு மரத்தப் பத்தி என்ன தெரியும்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தார். சிரித்த கையோடு தன் மரங்களைத் துளைக்கப் போய்விட்டார். மாமனாருக்கு என்ன தோன்றியதோ, துளைப்பானைக் கீழே வைத்துவிட்டார். அன்று இரவு இறுகிய குளிர் பதினாறு நாள் விடவில்லை; பக்கத்து வீட்டுத் துளைகள் சொட்டாமலே காய்ந்தன. அடுத்த வருடம் மாமனார் தாமாகவே அடுப்படிக்கு வந்து, "என்னம்மா, எப்ப?" என்று கேட்டார்.

அவளை மீறிப் பார்க்க வேண்டும் என்று ஒருவனுக்குத்தான் ஆசை வந்தது. அவள் கணவன் ரோசேரின் தம்பி கொன்சாக். அண்ணியைக் கேட்டா நான் குடித்தனம் நடத்த வேண்டும் என்று வீறாப்பாக, ஒரு பிப்ரவரியில் வெயில் அடித்ததைப் பார்த்து நானூறு மரங்களைத் துளைத்தான். ஏப்ரலில் எல்லார் மரத்து வாளியும் சாறு நிரம்பி வழிந்தபோது அவனுடைய நானூறு வாளிகளும் காற்றில் லொடலொடவென்று ஆடின. மரங்கொத்திகள்மேல் பழியைப் போட்டுப் பார்த்தான், எடுபடவில்லை. ஊர் அவனுக்குப் 'பிப்ரவரி' என்றே பெயர் வைத்துவிட்டது. தபால்காரர்கூட ஒருமுறை அந்தப் பெயரால் கூப்பிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டால் ஒலிவினுக்குச் சொல்லத் தெரியாது. குளிருக்குத் தெற்கே போன காக்கை திரும்பியிருக்க வேண்டும். மரத்தின் அடியைச் சுற்றிப் பனி குழிந்திருக்க வேண்டும். காலையில் ஆளைத் தாங்குகிற பனி மதியத்தில் முழங்கால்வரை உள்ளே விட வேண்டும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மேலும் ஏதோ ஒன்று இருந்தது. அது வரும்வரை அவள் வாயைத் திறக்கமாட்டாள்.

ரோசேர் ஒரு நாளும் அவளிடம் "எப்ப?" என்று கேட்டதில்லை. அவன் வேலை துளை போடுவது. முதல் துளை எப்போதும் கிணற்றடி மரத்துக்கு. முதலில் சொட்டுகிற சாற்றைக் கரண்டியில் பிடித்துப் பாதியை அவன் குடிப்பான். உதட்டைச் சப்புக்கொட்டி யோசிப்பதுபோல் நடித்துவிட்டு, "தண்ணி மாதிரிதான் இருக்கு" என்பான். மீதியை அவளிடம் நீட்டுவான்.

"வருஷா வருஷம் இதையே சொல்ற. புதுசா ஒண்ணும் தோணாதா உனக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் குடிப்பாள். மேப்பிள் சாறு உண்மையிலேயே தண்ணீர் மாதிரிதான் இருக்கும். நாற்பது குடம் காய்ச்சினால்தான் ஒரு குடம் பாகு. இருந்தாலும் அந்த அரைக் கரண்டியைக் குடித்தால்தான் அவர்களுக்குக் குளிர்காலம் முடிந்ததாகக் கணக்கு.

ஓர் இலையுதிர் காலத்தில் ரோசேருக்கு நுரையீரலில் நோய் வந்துவிட்டது. ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பியபோது மருத்துவர் ஒலிவினைத் தனியாக நடைகூடத்துக்கு அழைத்து, பனி உருகும்வரை அவன் இருப்பான் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ரோசேருக்கும் தெரியும், அவனும் சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் இரண்டு பேர் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு திரிந்தார்கள். அவன் கட்டிலை அடுப்படிக்கே கொண்டுவந்து ஜன்னலோரமாகப் போட்டாள். அங்கிருந்து பார்த்தால் கிணற்றடி மரம் தெரியும்.

பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் மூன்று நாள் வெயில் அடித்தது. கூரையிலிருந்து நீர் சொட்டியது. எல்லாரையும் ஏமாற்றுகிற, கொன்சாக்கைக் கவிழ்த்த அதே வெயில். இரண்டாம் நாள் ரோசேர் தலையணையில் சாய்ந்துகொண்டு பேச்சை ஆரம்பித்தான்.

"ஒலிவின், அந்த மரம் என்னப் பாத்துக் கண்ணடிக்குது."

"அதுக்கு வேற வேல இல்ல. சூப்பக் குடி, ஆறுது."

"ஒரே ஒரு தொள. ஒரு கரண்டி போதும். யாருக்கும் தெரிய வேணாம்."

"பிப்ரவரியிலயா? நீ கொன்சாக்குக்கு அண்ணன்தான்னு ஊருக்குக் காட்டணுமா?"

ரோசேர் சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. "அவன் நானூறுக்குப் போட்டான்டி. நான் ஒண்ணே ஒண்ணுதான கேக்குறேன்?"

"மார்ச்சுல குடிக்கலாம். எப்பவும்போல, ரெண்டு பேரும் மரத்தடியில நின்னு."

ரோசேர் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தான். பிறகு, "சரி, மார்ச்சுல" என்று சொல்லிவிட்டுச் சூப்பை எடுத்துக் குடித்தான்.

அன்று மதியம் அவன் கண்ணயர்ந்ததும் ஒலிவின் கொட்டகைக்குப் போனாள். துளைப்பானைக் கையில் எடுத்தாள். மரம் முப்பது அடி தூரத்தில் நின்றது. இரண்டு நிமிட வேலை. ஒரு மரத்தின் ஒரு துளை காய்ந்துபோவதால் உலகம் முழுகிவிடாது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் இன்றைக்குத் துளைத்தால், மார்ச்சில் அவன் இருக்கமாட்டான் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகும். துளைக்காமல் விட்டால் அவன் காத்திருப்பான். சொன்ன நாளுக்குக் காத்திருந்தே பழகியவன். இப்படித்தான் அவளுக்கு எண்ணம் ஓடியது. பாவம், துளைப்பானை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் மாலையே குளிர் இறுகிவிட்டது. ரோசேர் அதற்குப் பிறகு மரத்தின் பேச்சையே எடுக்கவில்லை.

மார்ச் வந்தது. தினமும் காலையில் அவள் வெளியே போய் வானத்தைப் பார்த்தாள். காக்கை வரவில்லை. பனி குழியவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அந்த நாளை அவசரப்படுத்தினாள்; கிணற்றடி மரத்தைக் கையால் தட்டி, "வாயேன்" என்றாள். மரம் கட்டை மாதிரி உறைந்திருந்தது. ஒன்பதாம் தேதி முற்பகல், அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது ரோசேரின் மூச்சு நின்றது. திரும்பிப் பார்த்தபோது அவன் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது.

பதின்மூன்றாம் தேதி மாதா கோயிலில் இறுதிச் சடங்கு. நிலம் இன்னும் பாறையாக இருந்ததால் குழி வெட்ட முடியாது; பெட்டியைக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிற கற்கட்டு அறையில் வைத்துவிட்டு மே மாதம் அடக்கம் செய்வதுதான் இங்கே வழக்கம். பெட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். எல்லாரும் வெளியே வந்து வெயிலில் நின்றார்கள்.

அப்போதுதான் ஒலிவின் தலை நிமிர்ந்தாள். காற்று மேற்கிலிருந்து வந்தது. கோயிலைச் சுற்றியிருந்த மரங்களின் அடியில் பனி குழிந்திருந்தது. மணிக்கூண்டின்மேல் ஒரு காக்கை உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. கறுப்பு உடையில் நின்ற எங்கள் சாலை ஆண்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். யார் வாய் திறப்பார்கள்? கொன்சாக் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"போங்க" என்றாள் ஒலிவின்.

"அண்ணி?"

"இன்னைக்குத்தான். போங்க எல்லாரும். எதுக்கு நின்னுட்டிருக்கீங்க?"

அவர்கள் போனார்கள். சிலர் உடைகூட மாற்றவில்லை. கழுத்துப்பட்டையோடும் கறுப்புக் கோட்டோடும் முழங்கால் பனியில் மரத்துக்கு மரம் நடந்தார்கள். முதலில் அவள் தோட்டத்தில் எல்லாரும் சேர்ந்து துளைத்து வாளி மாட்டிவிட்டுத்தான் தங்கள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். துளைத்த மரமெல்லாம் உடனே சொட்டத் தொடங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு ஓட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் பார்க்கவில்லை.

கொன்சாக் கிணற்றடி மரத்தின் முதல் சாற்றைக் கரண்டியில் பிடித்து, சிந்தாமல் அடுப்படிவரை கொண்டுவந்தான். வழக்கம் அவனுக்கும் தெரியும். அவள் காலியான கட்டிலருகில் உட்கார்ந்திருந்தாள். கரண்டியை வாங்கினாள். வாய்வரை கொண்டுபோனாள்.

"நாலு நாள்" என்றாள். "நாலே நாள், கொன்சாக்." கரண்டியை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். அவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அழுதான்.

அந்த வருடம் முழுக்க ஊர் அவளை மெச்சியது. புருஷன் பெட்டி முன்னால் நின்றுகொண்டே நாளைச் சரியாகச் சொன்னாளே என்று கடையில் பேசினார்கள், கோயில் வாசலில் பேசினார்கள். நல்லெண்ணத்தில்தான் பேசினார்கள். அது ஒவ்வொன்றும் அவளைச் சுட்டது. நாள் தவறியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மே மாதம் அவனை மண்ணில் வைத்தார்கள். அந்த வருடப் பாகு டப்பாக்களில் ஒன்றைக்கூட அவள் தனக்கென்று திறக்கவில்லை.

அடுத்த பிப்ரவரியிலும் வெயில் வந்தது, இந்த முறை இரண்டே நாள். முதல் நாள் மதியம் சாலையில் வந்த கொன்சாக் வண்டியை அப்படியே நிறுத்தினான். கிணற்றடி மரத்தருகே அண்ணி நின்றுகொண்டிருந்தாள். கையில் துளைப்பான். மரத்தில் புதிதாக ஒரு துளை, அதில் செருகிய தகரக் குழாய். வாளி இல்லை. சாறு சொட்டுச் சொட்டாகப் பனியில் விழுந்துகொண்டிருந்தது.

இறங்கி அவளருகே வந்தான். பேச்சு வேடிக்கையாகவே வந்தது, அவன் சுபாவம் அப்படி. "என்ன அண்ணி, என் பேர நீங்க எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்துக்கிட்டா என்ன, குடியா முழுகிடும்?"

"அப்போ நாங்களும் போடலாமா?"

"நீங்க யாரும் போடாதீங்க. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு." துளைப்பானைக் கிணற்றுச் சுவரில் வைத்தாள். "இது முந்தி இல்ல, கொன்சாக். ஒரு வருஷம் பிந்தி."

கொன்சாக் தொப்பியைக் கழற்றினான். அவள் அங்கியின் பையிலிருந்து கரண்டியை எடுத்துக் குழாயின் கீழே பிடித்தாள். நிறைய நேரமானது. நிறைந்ததும் பாதியை மரத்தடியில், ரோசேர் எப்போதும் நிற்கிற இடத்துப் பனியில் ஊற்றினாள். மீதியைக் குடித்தாள். உதட்டைச் சப்புக்கொட்டி, கொஞ்சம் யோசித்தாள்.

"தண்ணி மாதிரிதான் இருக்கு" என்றாள்.