சாய்ந்த முனை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தில் என் வீட்டிலேயே பழைய மைப்பேனாக்களைப் பழுதுபார்த்து வந்தேன். கல்லூரி மாணவி விமலா, பள்ளி நாள் முதல் எழுதிய பேனாவில் மை கசிகிறது என்று கொடுத்துச் சென்றார். கசிவை நிறுத்தினேன். முனை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததைக் கண்டு, கேளாமலே அதையும் உரசிச் சமன்செய்தேன்.

அன்று மாலை பேனாவை வாங்கிச் சென்றவர், மறுநாள் காலையில் திரும்பி வந்தார். "என்ன சார் பண்ணிட்டீங்க? பேப்பரையே கிழிக்குது. நாளைக்கு எனக்கு எக்ஸாம்!"

"எழுதிக் காட்டும்மா."

இடக்கையால் எழுதினார். "ஸ்கூல்ல கையை மாத்தச் சொன்னாங்க. நீங்க பேனாவையே மாத்திட்டீங்க!"

அந்தச் சாய்வு பழுதன்று. அவர் கை பல ஆண்டுகளாக உருவாக்கியது. அவரை எழுதச் சொல்லிப் பார்த்துப் பார்த்து உரசி, மாலைக்குள் அதை மீட்டேன்.

இன்றும் யார் பேனா கொண்டுவந்தாலும், திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை நீட்டுகிறேன்.