மடியில் விரிந்த கைகள்

லைப்சிக்கில் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி. பக்கத்து இருக்கைக்காரர் தொப்பியும் சால்வையுமாக மூக்கு மட்டும் தெரிய இருந்தார். எங்கள் குவார்ட்டர்பேக் பந்தை எறியும்போதெல்லாம், தானே பிடிக்கப்போவதுபோல மடியில் இரு கைகளையும் விரிப்பார். அவருக்குத் தமிழ் எங்கே விளங்கப்போகிறது என்ற துணிச்சலில், மறுபக்கம் இருந்த நண்பனிடம் முழங்கினேன்.

“எறியிறவன் நல்லாத்தான் எறியிறான். பிடிக்கிற அந்த நெட்டையனை மாத்தவேணும். அது கையோ, சல்லடையோ?”

தொப்பி திரும்பியது.

“ஓம் தம்பி, ட்ரெய்னரும் மாத்தத்தான் போறார். அவன் என்ர மகன். அவனுக்குச் சொல்ல எனக்கு ஏலாது. நீங்கள் ஒருக்கால் சொல்லுவியளோ?”

நண்பன் கோப்பி வாங்க ஓடிவிட்டான். அதுவரை பெரிய பயிற்சியாளராக இருந்த நான், “எனக்கு இந்த விளையாட்டே தெரியாது, அண்ணை” என்றேன்.

அடுத்த பந்து எழும்பியது. அவர் கைகள் விரிந்தன, என்னுடையவையும். நெட்டையன் தவறவிட்டான். நான் என் கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் ஒளித்துக்கொண்டேன். அவருடையவை விரிந்தபடியே இருந்தன.